ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடாதவர் உலகக் கோப்பையை வென்றது எப்படி? மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் வேலைகள் - ஒரு விளக்கம்

1988 பிப்ரவரி. மும்பை ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிக் கிரிக்கெட் போட்டி. சாரதாஷ்ரம் வித்யாமந்திர் அணிக்காக சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் 664 ரன் சேர்த்து, ஆட்டமிழக்காமல் நின்ற கதை பலருக்கும் தெரியும்.

அந்த 664 ரன்னும் எடுக்கப்படும்வரை, காலில் பேடு கட்டிக்கொண்டு 'அடுத்து நான்தான்' என்று உட்கார்ந்திருந்த 13 வயதுப் பையனின் பெயர் அமோல் மஜும்தார். அவருக்கு பேட்டிங் வரவே இல்லை.

பெரியவரான பிறகும் கிட்டத்தட்ட அதே கதைதான். 171 முதல்தரப் போட்டிகள், 11,167 ரன்கள், 30 சதங்கள். ஆனாலும் இந்திய அணியில் ஒரு போட்டிகூடக் கிடைக்கவில்லை.

2025 நவம்பர் 2. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கும் நேருலில், டி.ஒய். பாட்டீல் மைதானம். இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் அமோல் மஜும்தார்.

"சரி, அவர் 11,000 ரன் அடிச்சவர். நமக்கெல்லாம் அங்க என்னங்க வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஷ்ரேயஸ் ஐயர் செம்பூரில் பிறந்தவர், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தந்தையின் மகன். படித்தது மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளியிலும், அதே பகுதியில் உள்ள போத்தார் கல்லூரியிலும். சிவாஜி பார்க் ஜிம்கானாவில் அவரது ஆட்டத்தைப் பார்த்து வளர்த்தெடுத்தவர் முன்னாள் இந்திய வீரர் பிரவீன் ஆம்ரே.

சிம்ரன் ஷேக் தாராவியைச் சேர்ந்தவர். தெருவில் பையன்களோடு ஆடிப் பழகியவர். 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் தொடங்கி, 1.9 கோடி ரூபாய்க்கு குஜராத் ஜெயன்ட்ஸ் அணிக்குப் போனார்.

இந்த இரண்டு பெயர்களும் நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐபிஎல்லில் 10 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 வீரர்கள். மொத்தம் 250 இடங்கள். அதிலும் வெளிநாட்டு வீரர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவின் மைதானங்களைச் சுற்றி ஒரு நடை போனாலே அதைவிட அதிகம் பேர் வெள்ளை உடையில் நிற்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 22, 23 வயதில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். 'விளையாட்டை விட்டுட்டு வேலைக்குப் போ' என்பதுதான் வீட்டில் வழக்கமாகச் சொல்வது. விளையாட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

ஒரு வீரருக்குப் பின்னால் எத்தனை பேர்?

ஷ்ரேயஸையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் அகமதாபாத் டெஸ்டின்போது அவருக்கு முதுகுவலி தீவிரமானது. அந்த ஆண்டு ஐபிஎல் முழுவதும் போனது. அறுவை சிகிச்சை, அதன்பின் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் மறுவாழ்வுப் பயிற்சி. செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் திரும்பினார். அடுத்து வந்த உலகக் கோப்பையில் 530 ரன்கள். அதில் இரண்டு சதங்கள். ஒன்று வான்கடேயில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில்.

ஸ்கோர்கார்டில் 530 மட்டும்தான் இருக்கும். ஆனால் இப்படி ஒரு வீரர் திரும்பி வரும்போது, பொதுவாக இத்தனை பேரின் கை அதில் இருக்கிறது:

பிசியோதெரபிஸ்ட்: காயத்தைக் கண்டறிவது, வலியைக் குறைப்பது, எந்த வாரம் எந்த அசைவு என்று படிப்படியாக அனுமதிப்பது. 'இன்னும் நீ தயார் இல்லை' என்று நட்சத்திர வீரரிடமும் சொல்ல வேண்டியவர்.

உடற்திறன் பயிற்சியாளர்: நம்மூரில் 'டிரெய்னர்' என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வலி போன பிறகு வலுவையும் வேகத்தையும் திரும்பக் கட்டுவது இவர் வேலை. ஜிம் டிரெய்னரிலிருந்து இவர் வேறுபடுவது ஒரு விஷயத்தில்: உடம்பு எப்படித் தெரிகிறது என்பது இவருக்கு முக்கியமில்லை, ஐம்பதாவது ஓவரிலும் அந்த உடம்பு ஓடுமா என்பதுதான் முக்கியம்.

திறன் பயிற்சியாளர்: பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என்று தனித்தனியாக நுட்பத்தைச் செதுக்குபவர்.

த்ரோடவுன் நிபுணர்: 'சைடு ஆர்ம்' என்ற நீளக் கரண்டி போன்ற கருவியால் அதிவேகத்தில் பந்து எறிபவர். இந்திய அணியில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவர் கர்நாடகத்தின் ரகு என்கிற ராகவேந்திரா.

ஆட்டப் பகுப்பாய்வாளர்: வீடியோவும் தரவும் வைத்து, எதிரணியின் பலவீனத்தையும் நம் அணியின் தவறையும் சொல்பவர்.

ஊட்டச்சத்து நிபுணர், மனநலப் பயிற்சியாளர்: பேடி அப்டன் என்ற பெயர் நினைவிருக்கலாம். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்தவர். 2024-ல் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது அவருடைய மனநலப் பயிற்சியாளரும் இவரே.

இதில் தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பகுப்பாய்வு, உடற்திறன் இரண்டிலும் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு.

2003 உலகக் கோப்பைக் காலத்திலேயே இந்திய அணிக்குக் கணினிப் பகுப்பாய்வு செய்தவர் எஸ். ராமகிருஷ்ணன். சென்னையின் ஸ்போர்ட்ஸ்மெக்கானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். அடுத்து வந்த சி.கே.எம். தனஞ்ஜெய் 2007 டி20, 2011 ஒருநாள் உலகக் கோப்பைகளை வென்ற அணிகளின் பகுப்பாய்வாளர். 2024 டி20 உலகக் கோப்பை அணியில் ஹரி பிரசாத் மோகன். கொல்கத்தா நைட் ரைடர்ஸில் ஏ.ஆர். ஸ்ரீகாந்த். அஸ்வினின் யூடியூப் சேனலில் நாம் பார்த்துச் சிரித்த 'பி-டாக்' பிரசன்னா அகோரம், தென்னாப்பிரிக்க அணியோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர்.

உடற்திறன் பக்கம் பார்த்தால், 2011 உலகக் கோப்பை அணியின் பயிற்சியாளர் ராம்ஜி ஸ்ரீனிவாசன். 2015 முதல் 2019 வரை சங்கர் பாசு. தன் உடற்பயிற்சி முறையையே மாற்றியவர் பாசு என்று விராட் கோலி பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிசியோ கமலேஷ் ஜெயினும் சென்னையிலிருந்து போனவர்தான்.

இவர்களில் யாரும் இந்தியாவுக்காக ஆடிய பிரபலம் என்பதால் அங்கே போகவில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்ததால் போனார்கள்.

அப்படியானால் விளையாடியே இருக்க வேண்டாமா?

வேலையைப் பொறுத்தது. பிசியோ, ஊட்டச்சத்து, உளவியல், பகுப்பாய்வு - இவற்றுக்கு விளையாட்டு புரிய வேண்டும், மாநில அளவில் ஆடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திறன் பயிற்சியாளர் ஆக, ஓரளவு போட்டி அனுபவம் இருப்பது நல்லது. ஆனால் 'பெரிய வீரர்தான் பெரிய கோச் ஆவார்' என்பதற்கு மும்பையின் வரலாறே எதிர்ச் சாட்சி.

சிவாஜி பார்க்கின் ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடிய முதல்தரப் போட்டிகள் எத்தனை தெரியுமா? ஒன்று. 1963-64 பருவத்தில், ஸ்டேட் பேங்க் அணிக்காக. அந்த ஒரு போட்டிக்காரரிடம் படித்தவர்கள்தான் டெண்டுல்கர், காம்ப்ளி, ஆம்ரே, சந்திரகாந்த் பண்டித், மஜும்தார். 1990-ல் துரோணாச்சாரியா விருதும் 2010-ல் பத்மஸ்ரீயும் அவருக்குக் கிடைத்தன.

இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். அச்ரேக்கர் வீரர்களை மட்டும் உருவாக்கவில்லை, பயிற்சியாளர்களையும் உருவாக்கியிருக்கிறார். பண்டித் பயிற்சியில் மும்பை, விதர்பா, மத்தியப் பிரதேசம் என மூன்று அணிகள் ரஞ்சிக் கோப்பை வென்றன. விதர்பாவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் அதுவே முதல் கோப்பை. ஆம்ரே ஷ்ரேயஸை வளர்த்தார். மஜும்தார் உலகக் கோப்பை வென்றார். நல்ல பயிற்சி முறை ஒரு தலைமுறையோடு முடிவதில்லை.

என்ன படிக்க வேண்டும்? எங்கே?

பயிற்சியாளர்: பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ, நாடு முழுவதும் மதிக்கப்படும் தகுதி. 'என்.ஐ.எஸ். கோச்' என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். ஓராண்டு டிப்ளமோ போக, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. கிரிக்கெட்டில் பிசிசிஐ லெவல் 1, 2, 3 என்று படிகள். கால்பந்தில் டி-யில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று உரிமங்கள்.

உடற்கல்வி: மும்பையில் வடாலாவில் பி.பி.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குத் திரும்பிப் படிக்க நினைத்தால், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

பிசியோ: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் அவசியம். பட்டப்படிப்பு நாலரை முதல் ஐந்து ஆண்டுகள், அதன்பின் விளையாட்டு பிசியோதெரபியில் இரண்டாண்டு முதுநிலை. மகாராஷ்டிராவில் நீட் மதிப்பெண் வழியாகச் சேர்க்கை. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியிலும், பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலும் இந்தப் படிப்பு உண்டு. இரண்டுமே மாநகராட்சிக் கல்லூரிகள் என்பதைப் பெற்றோர் கவனிக்கவும்.

ஊட்டச்சத்து: மாட்டுங்காவிலேயே டாக்டர் பி.எம்.என். ஹோம் சயின்ஸ் கல்லூரி இருக்கிறது.

உடற்திறன் பயிற்சி: அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சி.எஸ்.சி.எஸ். சான்றிதழுக்கு உலகம் முழுவதும் மதிப்பு. அந்தத் தேர்வு எழுத ஒரு பட்டம் வேண்டும். வார இறுதியில் கிடைக்கும் 'சர்டிஃபைடு டிரெய்னர்' தாளும் இதுவும் ஒன்றல்ல.

பகுப்பாய்வு: இதற்கென்று ஒரே படிப்பு கிடையாது. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் எளிதாக முயன்று பார்க்கக்கூடியது இது. கிரிக்‌ஷீட் என்ற தளத்தில் பந்துக்குப் பந்து தரவு இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் தெரிந்தால் தொடங்கலாம், பைத்தான் தெரிந்தால் வேகமாகப் போகலாம். ஆனால் ஒன்று: நாற்பது வரைபடம் போட்டுக் கொடுப்பவரைவிட, 'இந்த பேட்டர் வந்ததும் இடதுகை சுழலைக் கொண்டு வாங்க' என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் டிரஸ்ஸிங் ரூமில் மதிப்பு.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

இங்கேதான் உண்மையைப் பேச வேண்டும். உச்சியில் இருக்கும் பணத்தைப் பார்த்து அடிவாரத்தை மதிப்பிடக்கூடாது.

உச்சியில்: 2024 டி20 உலகக் கோப்பை வெற்றிக்கு பிசிசிஐ 125 கோடி ரூபாய் அறிவித்தது. பயிற்சியாளர் ராகுல் திராவிட், தனக்கு ஒதுக்கிய 5 கோடியைப் பாதியாகக் குறைத்து, மற்ற பயிற்சியாளர்களுக்குத் தந்த அதே 2.5 கோடியைத் தனக்கும் கேட்டதாகச் செய்திகள் வந்தன. 2018-லும் இப்படி ஒன்று நடந்தது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வென்றபோது திராவிடுக்கு 50 லட்சம், உதவிப் பணியாளர்களுக்கு 20 லட்சம் என்று அறிவிப்பு. 'ஏன் இந்த வித்தியாசம்?' என்று அவர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, தலைக்கு 25 லட்சம் என்று சமமானது. தலைமைப் பயிற்சியாளர் வாய் திறந்ததால் சமமானது. இல்லையென்றால் பின்வரிசை பின்வரிசையாகவே இருந்திருக்கும்.

நடுவில்: இந்திய விளையாட்டு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிவிப்பில் உதவிப் பயிற்சியாளருக்கு மாதம் 41,420 முதல் 1,12,400 ரூபாய், பயிற்சியாளருக்கு 1,05,000 முதல் 1,50,000 ரூபாய். ஆனால் அது நான்கு ஆண்டு ஒப்பந்த வேலை. அணிகளோடான வேலைகளிலும் ஒப்பந்தம்தான் வழக்கம். அணி தோற்றால் முதலில் மாறுவது ஊழியர் பட்டியல்தான்.

அடிவாரத்தில்: பள்ளி, அகாடமி, தனிப்பட்ட பயிற்சி. இங்கே வருமானம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மழைக்காலத்தில் பயிற்சி நின்றால் பணமும் நிற்கும். காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 8 என்று வேலை நேரம் இரண்டாகப் பிளந்து கிடக்கும். குடும்பத்துக்கு ஒரே சம்பளம் உங்களுடையது என்றால், இருக்கும் வேலையை உடனே விட்டுவிட்டு இதில் குதிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இந்த வேலை கற்றுத்தரும் பாடங்கள் என்ன?

1. சிறிய பரிசு, சரியான நேரம்: பயிற்சி முடியும் நேரத்தில், களைத்துப்போன சச்சினின் ஸ்டம்ப் மேல் அச்ரேக்கர் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவுட் ஆக்கும் பந்துவீச்சாளருக்கு அது. கடைசிவரை அவுட் ஆகாவிட்டால் சச்சினுக்கு. அப்படி வென்ற 13 நாணயங்களை இன்னும் வைத்திருப்பதாக சச்சின் சொல்லியிருக்கிறார். களைப்பில்தான் கவனம் சிதறும், ஆகவே களைப்பில்தான் கவனத்தைப் பழக்க வேண்டும். அந்த ஒரு ரூபாய்க்குள் இருப்பது இந்தக் கணக்குதான்.

2. திறமையைப் பார்ப்பது பாதி, தடையை நீக்குவது மீதி: ரோஹித் சர்மாவை போரிவலி சுவாமி விவேகானந்த் பள்ளிக்கு அழைத்தவர் பயிற்சியாளர் தினேஷ் லாட். மாதக் கட்டணம் 275 ரூபாய் கட்ட அந்தக் குடும்பத்தால் முடியவில்லை. லாட் பள்ளியில் பேசிக் கட்டணத்தை விலக்க வைத்தார். பேட்டிங் நுட்பம் எல்லாம் அதற்கு அப்புறம்.

3. அதிகம் என்பது நல்லது என்று அர்த்தமல்ல: ஒரு கணக்கு போடுவோம். 16 வயது வேகப்பந்து வீச்சாளர் கடந்த நான்கு வாரங்களில் சராசரியாக வாரம் 120 பந்து வீசியிருக்கிறார். இந்த வாரம் பள்ளிப் போட்டியும் கிளப் போட்டியும் சேர்ந்து வர, 216 பந்து வீசிவிட்டார். 216-ஐ 120-ஆல் வகுத்தால் 1.8. வழக்கமாகத் தாங்கும் சுமையைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்த விகிதத்தை 0.8 முதல் 1.3-க்குள் வைத்திருப்பது நல்லது என்று விளையாட்டு அறிவியலில் ஒரு கருத்து பரவலானது. 'இந்த எண் காயத்தை முன்கூட்டியே சொல்லிவிடாது' என்று ஆய்வாளர்கள் பின்னர் கடுமையாக விமர்சித்தார்கள். இரண்டும் சரிதான். எண்ணை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஜோசியமாக அல்ல. நோட்டுப் புத்தகத்தில் பந்துகளை எழுதி வைக்கும் பயிற்சியாளர், எழுதாதவரைவிட எப்போதும் ஒரு படி மேலே.

4. டப்பாவில் இருப்பது என்ன என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023 கணக்குப்படி, இந்தியா பரிசோதித்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அதாவது 3.8 சதவீதம். 5,000 மாதிரிகளுக்கு மேல் பரிசோதித்த நாடுகளில் இதுவே அதிகம். விதி மிகக் கறாரானது: உடம்பில் இருந்தால் வீரரே பொறுப்பு. 'டிரெய்னர் அண்ணா குடுத்த பவுடர்' என்று சொன்னாலும் தடை தடைதான். கொடுத்தது நிரூபணமானால் அந்த அண்ணாவுக்கும் தடை வரும்.

5. பிள்ளைகளின் பாதுகாப்பு உங்கள் வேலையின் பகுதி: பயிற்சியாளரின் கையில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. அந்த அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்பட்ட சம்பவங்கள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2012 போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது சட்டக் கடமை. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் பயிற்சி நடத்துவது, தனியறைச் சந்திப்புகளைத் தவிர்ப்பது - இவை முதல் நாளிலிருந்தே பழக வேண்டியவை.

வேலையில் இருந்துகொண்டே எப்படித் தொடங்குவது?

முதல் ஆறு மாதம் வார இறுதிகளில் மட்டும். உங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும் இடத்தில் போய் உதவியாளராக நில்லுங்கள். தாராவியில் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம், மாட்டுங்காவில் ஜிம்கானா மைதானங்கள் என்று நடந்து போகும் தூரத்திலேயே இடங்கள் இருக்கின்றன. கூம்பு வைப்பது, பந்து பொறுக்குவது, பெயர் எழுதுவதுதான் முதல் வேலை. அது சலிப்பாக இருந்தால் இந்தத் துறை உங்களுக்கு இல்லை என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்த ஆறு மாதத்தில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபிட்னஸ், டயட், மென்டல் எல்லாம் நானே பார்த்துக்குவேன்' என்பவரை அணிகள் தேடுவதில்லை.

மூன்றாவது, எழுதி வைத்த வேலையைக் காட்டுங்கள். பகுப்பாய்வாளர் ஆக ஆசையா? உள்ளூர் கிளப் ஒன்றின் ஒரு பருவத்தை முழுதாகப் பதிவு செய்து அறிக்கை கொடுங்கள். உடற்திறனா? பத்துப் பிள்ளைகளின் ஓட்ட நேரம் மூன்று மாதத்தில் எப்படி மாறியது என்று காட்டுங்கள். பிராங்கோ சோதனைக்கு ஒரு மைதானமும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் போதும்: 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்புவது ஒரு சுற்று, அப்படி ஐந்து சுற்று, மொத்தம் 1,200 மீட்டர்.

அதன்பிறகுதான் பணம் கட்டும் படிப்பு. இந்த வரிசையை மாற்றிப் போட்டால், சான்றிதழ் சுவரில் தொங்கும், வேலை கிடைக்காது.

மஜும்தாருக்கு அன்று ஆசாத் மைதானத்தில் பேட்டிங் கிடைத்திருந்தால் அவர் கதை வேறு மாதிரி போயிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பேடு கட்டிக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர், ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் வீராங்கனையின் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பார். நீங்கள் ஆடாத இன்னிங்ஸும் இந்தத் துறையில் ஒரு தகுதிதான்.